எழுதிய துணி: கட்டுவதா, காப்பதா?

இலக்கிய வட்டம் ஒன்றிற்குப் பத்தாண்டு நிறைகின்ற வேளையில், எதைப் புழங்குவது, எதை எடுத்து வைப்பது என்ற வினா தானாகவே எழும். கூட்டங்களில் படித்த கவிதைகளுள் எவை மலரில் ஏறும், எவை அருவிச் சாரலோடு கரைந்துபோகும் என்பதும் அவ்வினாவின் ஒரு முகமே. அதே வினா துணியைப் பற்றி எழுமானால் இன்னும் கூர்மை பெறுகிறது. கவிதை எத்தனை முறை படித்தாலும் தேய்வதில்லை. துணியோ விரிக்குந்தோறும் தன் ஆயுளில் சிறிது இழக்கிறது. கையால் எழுதி வண்ணமேற்றிய பழந்துணிக் கட்டங்கள் ஒருவர் கைக்கு வந்து சேர்ந்தால் அவற்றை என்ன செய்வது என்பதே இவ்வுரையின் பொருள். இதனைத் தையற்கலை பற்றிய சிறு ஐயமெனத் தள்ளிவிடலாகாது. ஒரு முறை கத்தரி வைத்தபின் அந்த முடிவை மாற்றிக்கொள்ள இயலாது.

'எழுதிய துணி' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழந்தமிழில் ஓவியம் வரைதலும் எழுதுதலே. தோளில் தொய்யில் எழுதினர். சுவரில் பாவை எழுதினர். மடலேறத் துணிந்த தலைவன் தலைவியின் உருவை எழுதிக் கையில் ஏந்தி வந்தான். அவன் ஏந்தியதற்குப் பெயர் 'கிழி'. கிழிக்கப்பட்ட துணித் துண்டே கிழி. அத்துண்டில் எழுதிய உருவமும் கிழியே. ஒரு துணிக் கட்டம், அதில் கையால் எழுதிய ஓர் உருவம், அதனைப் பலர் காணத் தெருவில் கொண்டுவருதல் என மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. 'படம்' என்ற சொல்லின் வரலாறும் இத்தகையதே. இன்று அது சுவரில் மாட்டுவதையும் திரையரங்கில் ஓடுவதையும் குறிக்கிறது. அதன் பழம்பொருள் துணி. பொருள் சித்திரத்துக்கு நகர்ந்தபின் அடியில் இருந்த துணியைத் தமிழர் மறந்துவிட்டனர். பழந்துணி ஓவியங்களுக்கு நேர்ந்ததும் அதுவேதான். பார்ப்பவர் உருவத்தைப் பார்க்கின்றனர். அதைத் தாங்கி நிற்கும் நூலை ஒருவரும் பார்ப்பதில்லை.

பேகன் மயிலுக்கு அளித்த 'படாம்' பற்றி இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. அத்துணி காக்கப்படவில்லை, கொடுக்கப்பட்டது. கொடுத்ததனாலேயே இன்றுவரை பேசப்படுகிறது. ஆயினும் இதனை முன்மாதிரியாகக் கொண்டு ஆச்சியின் பெட்டியைத் திறந்து விடுவது தவறாகும். பேகனுக்கு வேறு போர்வை இருந்தது.

தமிழில் எழுதிய துணியின் மிக நுட்பமான காட்சி நெடுநல்வாடையில் இருக்கிறது. பாசறையில் இருக்கும் கணவனை எண்ணி உறக்கமின்றிக் கிடக்கும் அரசி தன் கட்டிலின் மேற்கட்டியை அண்ணாந்து நோக்குகிறாள். மெழுகு வழித்த அத்துணியில் வான்மண்டலமும் மேடம் முதலிய இராசிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியை அங்குக் கண்டு அவள் பெருமூச்செறிகிறாள். நக்கீரர் அந்த ஓவியத்தைப் புகழ்வதற்காக அதனை அங்கு வைக்கவில்லை. அரசியின் துயரத்தை வாய்விட்டுச் சொல்லாமற் சொல்லவே அது அங்கே தொங்குகிறது. வேறு எங்கு மாட்டியிருந்தாலும் அவ்வோவியம் அத்துயரத்தைச் சொல்லியிராது. அவள் படுத்த கட்டிலின் மேல் இருந்ததனால் மட்டுமே சொல்லிற்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும் மாதவியின் ஆடரங்கில் மூவகை எழினியோடு ஓவியம் எழுதிய விதானம் கூறப்படுகிறது. ஆக, இலக்கியம் காட்டும் எழுதிய துணிகள் யாவும் தலைக்கு மேலும் கண்ணுக்கு முன்னும் தொங்கிப் பணி செய்தவை. பெட்டிக்குள் மடித்து வைத்த துணியைப் பாடிய புலவர் இலர் என்றே கொள்ளலாம்.

பிற்காலத்தில் இவ்வழக்கம் கோயிலில் நிலைபெற்றது. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையிலும், அரியலூர் மாவட்டத்துக் கோடாலிக்கருப்பூரிலும் எழுதப்பட்ட துணிகள் தமிழ்நாட்டுக் கலம்காரி மரபுக்கு உரியவை. தேரிலும் மண்டபத்திலும் உருளையாகத் தொங்குவது தொம்பை. மேலே விதானமாக விரிவது அசுமானகிரி. வாயிலில் தோரணமாகக் கட்டுவது வாசமாலை. பெரிய திரைகளில் கதை கட்டம் கட்டமாகப் பகுக்கப்பட்டு வரிசை வரிசையாக ஓடும். கோடாலிக்கருப்பூரில் சரிகை கலந்து நெய்த சேலையிலேயே கையால் எழுதிச் சாயமேற்றினர். தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகச் செய்யப்பட்ட அச்சேலைகள், 1855-இல் அவ்வரசு ஆங்கிலேயர் கைக்குச் சென்றபின் ஆதரவிழந்து, அந்நூற்றாண்டோடு நின்றுபோயின. கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு 2021-இல் வழங்கப்பட்டது. கேட்பாரின்றிக் கிடந்த கலைக்கு நூறாண்டுக்கு மேல் கழித்து வந்த பட்டயம் அது. ஆந்திரத்துச் சீகாளத்தியில் கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சியால் 1957-இல் பயிற்சி நிலையம் தொடங்கியது. அங்கு அக்கலை மீண்டும் வேர்பிடித்ததற்கு அந்நிலையமே காரணம்.

இத்துணி எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறியாமல் இதனைக் காப்பது பற்றிப் பேசுவது பயனற்றது. ஆதலால் சற்று விரிவாகக் காணலாம்.

கஞ்சி போக்கி வெளுத்த பருத்தித் துணியை முதலில் கடுக்காய்ப்பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறிச் சாயத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவிவிடாமல் தடுக்கும். எழுதுகோல் மூங்கிற் குச்சியே. நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருப்பர். அச்சுற்றில் மை ஊறி நிற்கும், விரலால் அழுத்த அழுத்த இறங்கும். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் பல நாள் ஊறவைத்துப் புளிக்கச் செய்வர். அந்நீர் நிறமற்றது போலத்தான் இருக்கும். கடுக்காய் ஏறிய துணியில் பட்ட நொடியே கறுத்துவிடும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரநீர் எழுதி, பின்னர்ச் சாயவேரோ மஞ்சிட்டியோ இட்டுக் கொதிக்கவைப்பர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். மற்ற இடத்துச் சிவப்பு ஓடும் நீரில் அலச அலசப் போய்விடும். நீலம் அவுரியினின்று வருவது. பழைய முறையில் நீலம் ஏறக்கூடாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடித் துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். மஞ்சள் இறுதியில் வரும். எல்லாவற்றிலும் எளிதில் மங்குவதும் அதுவே. பழந்துணிகளில் இலைகள் நீலமாகத் தெரிவதைக் கண்டு வியப்பவர் உண்டு. அவை பச்சையாகவே எழுதப்பட்டவை. மேலிருந்த மஞ்சள் வெயிலில் போய் நீலம் மட்டும் எஞ்சியது.

இத்துணை வேலைக்கும் ஓடும் நீர் இன்றியமையாதது. தேங்கிய நீரில் அலசினால் கழன்ற சாயம் துணியிலேயே திரும்பப் படியும். காவிரிக்கரையிலும் சுவர்ணமுகிக் கரையிலும் இக்கலை வளர்ந்தமைக்கு இது ஒரு காரணம். சிற்றாறு ஓடும் இம்மண்ணில் அது ஏன் வேர்விடவில்லை என்று கேட்கத் தோன்றும். ஆறு மட்டும் போதாது. பல தலைமுறை ஆதரிக்கும் கைகளும் வேண்டும்.

இனி, துணி எவ்வாறு அழிகிறது என்பதைப் பார்க்கலாம். வெயிலும் விளக்கும் நிறத்தை உண்கின்றன. போன நிறம் எம்முயற்சியாலும் திரும்பாது. எண்ணெய்ப்புகை நூலிழைகளுக்கு இடையே படிந்து துணியை மொரமொரப்பாக்குகிறது. இராமபாணப் பூச்சி கஞ்சியைத் தேடி வருகிறது. மடித்த இடத்தில் இழை முறிகிறது. இவையனைத்தும் வெளிப்பகைகள், விலக்க வழியுண்டு. உட்பகை ஒன்றும் உண்டு. இரும்பும் கடுக்காயும் சேர்ந்து உண்டான அந்தக் கறுப்பே காலப்போக்கில் தான் பட்ட பருத்தியை அரித்துவிடுகிறது. இரும்பு கலந்த மையால் எழுதிய பழைய ஏடுகளில் எழுத்து மட்டும் பொடிந்து துளையாவது போலத்தான் இதுவும். ஆகவே நூறாண்டுத் துணியில் சிவப்பு நிலம் உறுதியாக இருக்க, கண்ணும் புருவமும் உடற்கோடும் முதலில் உதிர்கின்றன. உருவத்துக்கு உயிர் தந்த கோடே துணிக்கு நஞ்சாகிறது. பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் இவ்வரிப்பு முற்றிலும் நிற்பதில்லை. ஈரத்தில் விரைந்தும் வறட்சியில் மெதுவாகவும் நடக்கும். எடுத்து வைத்தால் என்றென்றும் இருக்கும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது.

குற்றாலத்தின் காற்று இவ்வகையில் இரக்கமற்றது. ஆனி முதல் ஆவணி வரை சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஐந்தருவிப் பக்கத்து வீடுகளில் அலமாரித் துணி சாரற்காலத்தில் பூசணம் பிடிப்பதை அறியாத இல்லத்தரசி இல்லை. காற்றின் ஈரம் நூற்றுக்கு 65-ஐத் தாண்டி நெடுநாள் நின்றால் பூசணம் முளைக்கும் என்பது பாதுகாப்பாளர் கணக்கு. மக்கள் மகிழ்ந்து வரும் அதே பருவம் எழுதிய துணிக்குக் கொடும்பருவம்.

இந்த ஊரே இச்சிக்கலுக்கு இரண்டு சான்றுகளைத் தருகிறது. ஒன்று சித்திரசபை. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் பிற நான்கிலும் ஆடவல்லான் திருமேனியாக நிற்க, குற்றாலத்தில் மட்டும் ஓவியமாக எழுந்தருளியிருக்கிறார். ஓவியமே இறையுருவாகும்போது அதனை அருங்காட்சியகத்துக்கு அனுப்ப இயலாது; நீர் ஊற்றி வழிபடவும் இயலாது. வழிபாடு ஓவியத்துக்கு ஏற்ப மாற வேண்டும். புழங்குதலும் காத்தலும் முரண்பட்டவை என்று கூறுவோர் ஒருமுறை அச்சபையில் சென்று நின்று பார்க்கலாம். மற்றொன்று தென்காசி உலகம்மன் உடனுறை காசிவிசுவநாதர் கோயில். 15ஆம் நூற்றாண்டில் அதனை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், இக்கோயிலுக்குப் பின்னாளில் குறை நேர்ந்தால் அதனைச் சீர்செய்து காப்பவர் எவராயினும் அவரைப் பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். தான் கட்டியது அழியாது என்று அவன் எழுதவில்லை. சிதைவை எதிர்பார்த்து, இன்னும் பிறவாத பழுதுபார்ப்பவனை வணங்கினான். அக்கோயிலின் இராசகோபுரம் நெடுங்காலம் சிதைந்து கிடந்து 1990-இல் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது.

கல்லுக்கே பழுதுபார்ப்பு வேண்டுமெனில் துணியின் நிலை என்ன? கோயில்கள் துணிக்குக் கண்ட வழி வேறு. தொம்பை நைந்தால் புதிய தொம்பை எழுதச் சொல்வது. எழுதுவோர் இருக்கும்வரை பழையதைக் காக்கும் தேவை எழவில்லை. ஏட்டுச்சுவடிக்கும் இதுவே முறை. ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டு. பெயர்த்தெழுதும் கை ஓயாதிருந்தமையால் சங்கநூல்கள் பிழைத்தன. கை ஓய்ந்த இடத்தில் ஓலையோடு நூலும் மறைந்தது. துணியைப் பொறுத்தவரை அந்தக் கை 19ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. எனவேதான் நேற்றுவரை நைந்தால் போகட்டும் என்றிருந்த துணி இன்று காக்க வேண்டிய பொருளாயிற்று. துணியின் இயல்பு அப்படியே இருக்கிறது. மாறியது எழுதுவோரின் எண்ணிக்கை.

சோழமண்டலக் கரையில் எழுதிய துணிகள் கடல் கடந்து சென்ற இடங்களில் நிகழ்ந்தவை இவ்விடத்தில் பெரிதும் பயன்படும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் அவற்றைப் படுக்கை விரிப்பாக விரும்பி வாங்கினர். பஞ்சு திணித்துத் தைத்த போர்வைகளின் மேற்றுணியாகவும் அமைத்தனர். உள்நாட்டு நெசவாளர் நலனுக்காகப் பிரான்சு 1686-இல் இத்துணிகளுக்குத் தடை விதித்து 1759 வரை நீட்டித்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டமியற்றி 1774-இல் தளர்த்தியது. தடை துணியை அரிதாக்கிற்று. அருமை சிக்கனத்தைக் கற்பித்தது. முழுத்துணிக்கு வழியில்லாத பெண்டிர் அதன் பூவையும் பறவையையும் தனித்தனியே கத்தரித்து வெள்ளைத்துணியில் வைத்துத் தைத்துப் போர்வை செய்தனர். இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சோழமண்டலத்துப் பூக்கள் இவ்வாறு ஐரோப்பியத் தையலுக்குள் பிழைத்திருக்கின்றன. துணி கெட்டது என்பர் சிலர். வெட்டியதனால் எஞ்சியது என்பர் சிலர். இரண்டும் உண்மை. ஆனால் அப்போர்வையைப் பார்த்து எழுதியவனின் முழுக்கோலத்தை அறிய இயலாது. மரத்தில் எந்தக் கிளையில் அந்தப் பூ மலர்ந்தது என்பது கத்தரித்தவளோடு போயிற்று.

சப்பானியர் செய்தது வேறு. அவர்கள் இந்தியத் துணியைச் 'சரசா' என்று அழைத்து, சிறு துண்டையும் அரும்பொருளாகப் போற்றினர். தேநீர்ச் சடங்கின் கலங்களுக்கு உறை தைத்தனர். ஈக்கோனே பகுதியை ஆண்ட குடும்பம் சேர்த்த 450 துண்டுகள் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கே துண்டுக்குத் துண்டாகவே மதிப்பு. முழுமையை அவர்கள் தேடவில்லை. கவிஞருக்கு இது பிடித்தமான எண்ணமாக இருக்கலாம்.

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் வாழும் தோராசா மக்களின் வழி மூன்றாவது. நறுமணப் பொருளுக்கு மாற்றாக வணிகர் கொண்டுசென்ற இந்தியத் துணிகளை அவர்கள் குலத்தின் திருப்பொருளாக்கிப் பெட்டியில் வைத்தனர். சடங்குநாளில் மட்டும் வெளியே எடுத்து விரித்தனர். பிறந்த நாட்டில் ஒரு நூலும் எஞ்சாத பழந்துணிகள் அங்கே பல நூற்றாண்டு கடந்து கிடைக்கின்றன. அவர்களிடம் குளிரூட்டிய அறையோ வேதியியற் கூடமோ இருக்கவில்லை. எப்போது எடுக்கலாம், யார் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. அக்கட்டுப்பாடே துணியைக் காத்தது. அருங்காட்சியகம் என்ற எண்ணம் தோன்றுமுன்னரே காத்தலும் புழங்குதலும் அங்கு ஒரே செயலாயிருந்தன.

புதுச்சேரியில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1734-ஐ ஒட்டிய காலத்தில் பொலியே என்னும் பிரெஞ்சுக் கடற்படையாளர் துணி எழுதுவோரின் அருகிருந்து ஒவ்வொரு படிநிலையையும் குறித்துக்கொண்டார். குறிப்போடு நில்லாமல், ஒவ்வொரு படி முடிந்ததும் அத்துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துக் குறிப்போடு சேர்த்தார். கடுக்காய் ஏறிய துண்டு, கறுப்பு எழுதிய துண்டு, சிவப்பு ஏறிய துண்டு என அவை இன்றும் பாரிசில் இருக்கின்றன. கூர்டூ என்னும் சேசுசபைப் பாதிரியாரும் 1742-இல் இத்தொழிலை மடலில் விவரித்தார். இவர்களின் நோக்கம் தொழில்நுணுக்கத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்வது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்று முழுமையுறாத துணியினின்று வெட்டிய அந்தத் துண்டுகளே இன்று தொழிலின் இலக்கணம். நிறைவுற்ற அழகிய துணி எதுவும் அந்த இலக்கணத்தைச் சொல்வதில்லை.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று அமெரிக்காவினது. எயிட்சு நோயில் இறந்தோர் நினைவாக, ஒருவருக்கு ஒன்றாக, 3 அடிக்கு 6 அடித் துணியில் உறவினரும் நண்பரும் பெயரெழுதி, படமெழுதி, இறந்தவரின் சட்டையையும் மடலையும் பொம்மையையும் வைத்துத் தைத்தனர். அந்த அளவு ஒரு கல்லறையின் அளவு. எட்டுத் துணிகள் சேர்ந்தால் 12 அடிச் சதுரக் கட்டம். 1987 அக்டோபரில் வாசிங்டன் பெருவெளியில் 1,920 துணிகள் விரிக்கப்பட்டன. 1996-இல் கடைசியாக முழுமையும் அங்கு விரிக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 50,000 துணிகள் சான்பிரான்சிசுகோவில் காக்கப்படுகின்றன. அவற்றுள் நீண்ட ஆயுளை எண்ணிச் செய்தது எதுவுமில்லை. சாயம், பசை, தோல், காகிதம் எல்லாம் வெவ்வேறு வேகத்தில் அழிபவை. விரித்தால் தேயும், விரிக்காவிட்டால் அதன் நோக்கமே இல்லை என்ற இக்கட்டில் அவர்கள் கண்ட வழி, முழுப்போர்வையை ஒருங்கே விரிக்காமல் கட்டங்களை முறைவைத்து ஊர்களுக்கு அனுப்புவதும், திரும்பி வந்ததும் பழுதுபார்ப்பதுமாகும்.

இனி வீட்டுக்கு வரலாம். தென்காசிப் பக்கத்து வீடொன்றில் ஆச்சியின் மரப்பெட்டியில் எழுதிய துணிக் கட்டங்கள் பன்னிரண்டு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நைந்த திரையொன்றினின்று யாரோ ஒரு காலத்தில் வெட்டி எடுத்தவை. கட்டம் ஒரு முழச் சதுரம். அண்ணன் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்கிறான். அக்கா, நால்வரும் மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்வோம் என்கிறாள். தங்கை மகள் திருமணத்துக்குப் பன்னிரண்டையும் இணைத்துப் போர்வை தைக்க விரும்புகிறாள். மதினி, எதுவாயினும் முதலில் துவைத்துவிடுவோம் என்கிறாள். நால்வரும் அன்பினால்தான் பேசுகின்றனர் என்பதே இதில் இடர்.

மதினியின் யோசனையைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நீர் பட்டால் அரித்த கறுப்புக்கோடுகள் அங்கேயே பிரியும், மஞ்சள் ஓடும். மென்மயிர்த் தூரிகையால் தூசியை மெல்ல நீக்குவதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்யலாகாது. கறை கடுமையானால் தேர்ந்தவரிடம் காட்டலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருட் பாதுகாப்புக்கென வேதியியற் கூடம் 1930-களிலேயே தொடங்கிவிட்டது. அண்ணனின் சட்டமும் ஏற்றதன்று. கண்ணாடி துணியைத் தொட்டால் சாரற்கால ஈரம் இடையில் சிக்கிப் பூசணமாகும். கூடத்து வெளிச்சமோ ஓயாதது. துணிக்கு 50 லக்சுக்கு மேல் ஒளி கூடாதென்பர். சன்னலோரப் பகல்வெளிச்சம் அதைப்போல் பல மடங்கு.

அக்காள் சொல்வது நியாயம்போல் தோன்றும். சொத்துக்கு அதுவே முறை. ஆனால் அக்கட்டங்கள் ஒரு கதையின் தொடர்ச்சி. திரையை முன்பு வெட்டியவர் ஒரு பாதி தவறு செய்தார். பங்கு போடுதல் மறுபாதி. நான்கு வீட்டிலும் மும்மூன்று கட்டம் இருந்தால் கதை எந்த வீட்டிலும் இராது. பன்னிரண்டும் ஓரிடத்தில் இருக்க, ஆண்டுக்கொருவராக நால்வரும் பொறுப்பேற்பது மேல். பழைய குடும்பங்களில் பூசைமுறை இப்படித்தான் சுழன்றுவந்தது.

தங்கையின் ஆசையே கடினமானது. அதுவே இவ்வுரையில் எஞ்சி நிற்கும் சிக்கலும். துணியைத் துணியாகவே வாழவிட நினைப்பவள் அவள் ஒருத்தியே. பழந்துணியை இணைத்துப் போர்வையாக்கும் மரபும் எளியதன்று. வங்கத்துக் கந்தாவும், வடகன்னடத்துச் சித்திப் பெண்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்து மூலைகளில் பூவைத்து முடிக்கும் கவந்தியும் பழஞ்சேலையின் இரண்டாம் பிறவிகள். தமிழின் 'கந்தை' என்ற சொல் அதே குடும்பத்தது. இங்கு அது இழிவுப்பொருளில் நின்றுவிட்டது வருத்தத்துக்குரியது. ஆயினும் நூறாண்டுக் கலம்காரிக் கட்டம் ஊசிக்குத்தைத் தாங்காது. பஞ்சின் கனத்தையும் உடலின் வியர்வையையும் தாங்கவே தாங்காது. ஐந்து ஆண்டில் அப்போர்வையில் கோடுகள் இரா, நிறத்திட்டுகளே இருக்கும்.

அவள் கேட்பதை மறுக்காமல் வேறு கையால் கொடுக்கலாம். அப்பன்னிரண்டு காட்சிகளையும் புதிய துணியில் எழுதித் தருமாறு சிக்கல்நாயக்கன்பேட்டையிலோ சீகாளத்தியிலோ எழுதுவோரிடம் கேட்பது, அவர்கள் எழுதிய புதிய கட்டங்களைக் கொண்டு போர்வை தைப்பது, அப்போர்வையைத் தயக்கமின்றி நாள்தோறும் போர்த்துவது, நைந்தால் மீண்டும் எழுதச் சொல்வது. கண்ணாடிச் சட்டத்துக்கும் ஆணிக்கும் செலவிடும் பணம் எழுதுபவரின் அடுப்புக்குச் செல்லும். ஆலயங்கள் செய்து வந்ததும் இதுவே. அந்தக் கேள்வி நின்றதனால்தான் கை ஓய்ந்தது. கடையில் கலம்காரி என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் எந்திர அச்சுத்துணியை வாங்கித் தைத்தால் இக்கணக்கு பொய்த்துப்போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்துணியில் குற்றமில்லை, பெயரில்தான் குற்றம்.

இதற்கு மறுப்பு ஒன்று எழக்கூடும். படியெடுத்தது மூலமாகுமா, ஆச்சியின் விரல் பட்ட துணி அதுவன்றே எனலாம். உண்மைதான். பாட்டைப் படியெடுத்தால் பாட்டே கிடைக்கிறது. துணியைப் படியெடுத்தால் மற்றொரு துணிதான் கிடைக்கிறது. உ.வே.சா. ஓலையைப் பதிப்பித்தபின்னும் ஓலையைத் தூக்கியெறியாமைக்குக் காரணம் இதுவாகலாம். எனவே பழங்கட்டங்களை முற்றிலும் ஓய்வெடுக்க வைப்பதும் அறமன்று. அவற்றுக்கும் ஆண்டில் சில நாள் வேண்டும். தோராசா மக்களைப் போல நாள் குறித்து எடுக்கலாம். குற்றாலத்துக் காற்றுக்குத் தை, மாசி ஏற்றவை. சாரலும் இல்லை, வடகிழக்கு மழையும் இல்லை. வெயில் படாத உள்ளறையில், தரையில் விரித்த வெண்துணியின் மேல், நால்வர் வீட்டுப் பிள்ளைகளும் சுற்றி அமர, மூத்தவர் ஒருவர் கட்டம் கட்டமாகக் கதை சொல்லலாம். விரல் வைத்துக் காட்டாமல் குச்சியால் காட்டினால் போதும்.

எஞ்சிய நாட்களுக்கான முறை எளியது. ஒவ்வொரு கட்டத்தையும் அதனினும் நான்கு விரற்கடை அகன்ற, பலமுறை அலசிக் கஞ்சி போக்கிய வெளுக்காத பருத்தித்துணியின் மேல் வைத்து, வலுவுள்ள ஓரங்களில் மட்டும் மெல்லிய பருத்திநூலால் இடைவெளி விட்டுத் தையலிட வேண்டும். கனத்தைப் புதுத்துணி தாங்கும். வேண்டும்போது நூலை அறுத்தால் பழையது அப்படியே பிரியும். பசை தடவுவது தீராப் பிழை. மடிக்கலாகாது, துணி சுற்றிய பருமனான உருளையில், எழுதிய முகம் வெளிப்புறமாக இருக்கச் சுருட்டி, மேலே மற்றொரு பருத்தித்துணி போர்த்த வேண்டும். நெகிழித்தாளில் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும். வசம்பைத் தனித்துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம்; அந்துருண்டை துணியைத் தொடக்கூடாது. தரையை விட்டு உயர்ந்த, சமையலறைக்கும் பூசையறைக்கும் அப்பாற்பட்ட இடத்தில் பெட்டி இருக்கட்டும்.

சுருட்டுமுன் பன்னிரண்டையும் வரிசைப்படி ஒளிப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டத்தை அடுத்து எந்தக் கட்டம், எந்தப் பெட்டியில் கிடைத்தது, யார் வைத்திருந்தது, ஆச்சி அதைப் பற்றி என்ன சொன்னாள், அவ்வாண்டு பொறுப்பு யாருடையது ஆகியவற்றை ஒரு பருத்தி நாடாவில் குறித்து உருளையின் வெளிமுனையில் கட்டலாம். மை கசியும், பென்சிலால் எழுதுவது நல்லது.